குமிழங்கொம்பும் மின்கிற்றாரும்

பெரும்பாணாற்றுப்படையைப் படிப்பிக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் சற்று நின்றுவிடுவது என் வழக்கம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனின் கொடையைப் பாட வந்த புலவர். கச்சி மாநகரும் கடற்றுறையும் கலங்கரை விளக்கமும் அவர் பாட்டிலே வருகின்றன. என்னை நிறுத்துவது அவற்றுள் ஒன்றுமன்று. காட்டிலே கன்றுகாலி மேய்க்கும் ஓர் இடையன். அவன் தீக்கடைகோலால் துளையிட்டுக் குழலொன்று செய்து பாலைப் பண் ஊதுகின்றான். அது தெவிட்டியதும், உள்ளே புழையுள்ள குமிழங்கொம்பை எடுத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்று சமைத்துக் குறிஞ்சிப் பண்ணை எழுப்புகின்றான். வண்டினங்கள் அதனைத் தம் சுற்றத்தின் ஒலியென்று கருதிச் செவி சாய்க்கின்றனவாம்.

"உன்னிடம் இருபத்தொரு நரம்புடைய பேரியாழ் உண்டோ? இல்லையேல் இசைக்கு ஆசைப்படாதே" என்று அந்த இடையனைப் பார்த்துப் புலவர் சொல்லவில்லை. பேரரசனைப் பாடும் பாட்டிலே அவனுக்கும் ஓர் இடங்கொடுத்தார். இதனை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு நயம்பட எடுத்துரைத்து வருகின்றேன். ஆனால் அதே இடையன் என் வீட்டு முற்றத்திலே வந்து நின்றபோது நான் அவனை அடையாளங் காணவில்லை. அந்தப் பிழையைச் சொல்லவே இதனை எழுதத் தொடங்கினேன்.

வந்தவன் என் தங்கையின் மகன். கட்டுகஸ்தோட்டையில் வசிப்பவன், தொழில்நுட்பக் கல்வி பயில்பவன். கையிலே ஒரு மின்கிற்றார். கண்டி நகரிலே பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் என் மாதச் சம்பளத்தில் நாலிலொரு பங்குக்கும் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தான். பலகை போலத் தட்டையான உடல். செந்நிறப் பூச்சு, அதுவும் ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. சிறிய பெட்டியொன்றிலே இணைத்து மீட்டிக் காட்டினான். தகரக் கூரையிலே ஆலங்கட்டி விழுந்தாற் போன்றிருந்தது.

"மாமா, இது ஜாஸ் வாசிப்பதற்கென்று செய்த கருவியன்று. நான் இதனை அதற்கு இசைய மாற்றப் போகின்றேன்" என்றான்.

"தம்பி, ஒன்று செய். வந்த விலைக்கு இதனை விற்றுவிடு. உழைக்கத் தொடங்கியபின் நல்லதொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்றேன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுக் கருவியைத் துணிப்பையில் இட்டுக்கொண்டு போய்விட்டான். சில நாள் கழித்துத் தங்கை சொல்லித்தான் தெரிந்தது: அதே வாரத்தில் ஒரு பாடசாலை விழாவிலே, "இந்தப் பலகையோடு மேடைக்கு வராதே" என்று பொறுப்பாசிரியர் ஒருவர் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரே வாரத்தில் இரண்டு ஆசிரியர்கள். இருவர் வாயிலும் ஒரே தீர்ப்பு.

"நல்லதொன்று வாங்கலாம்" என்பது எத்துணை இலகுவான சொல்! 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நமது நாணயம் சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு வீழ்ந்ததை நாடறியும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பொருளின் விலை, அப்பொருளிலே எந்த மாற்றமும் இல்லாமலே, அந்த அளவில் ஏறிவிட்டது. உழைக்கத் தொடங்கும் ஓர் இளைஞன் நல்ல ஜாஸ் கிற்றார் ஒன்றுக்குப் பணஞ் சேர்ப்பதற்குள் அவன் விரலின் இளமை போய்விடும். செல்வன் வீட்டுப் பிள்ளைக்குக் கருவி முதலிலும் கலை பின்னரும் வரலாம். மற்றவர் பிள்ளைகளுக்கு அந்த வரிசை வாய்ப்பதில்லை.

ஜாஸுக்கென்று ஒரு கிற்றார் வேண்டுமோ என்று சிலர் கேட்கலாம். நானுங் கேட்டேன். நமது இசை ஒரு சுரத்தின்பின் ஒரு சுரமாக நீரோடை போல ஒழுகுவது. ஜாஸ் இசையிலோ பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் கூட்டுகள் அடித்தளம். நான்கு ஐந்து சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். நம் முன்னோர் நரம்புகளுக்கிடையே இணை, கிளை, பகை, நட்பு என்று நால்வகை உறவு கண்டனர். ஜாஸ் கலைஞன் பகையாகத் தோன்றுவனவற்றையும் கூட்டத்தில் அமர்த்தி வைப்பவன். அப்படிப்பட்ட கூட்டத்திலே ஒவ்வொருவரும் உச்சக் குரலிற் கத்தினால் சந்தையாகிவிடும். குரல் தாழ்ந்து, உருண்டு, கனிந்து வந்தாற்றான் அது சபை. மலிவான மின்கிற்றாரின் கூரிய கணீரொலி துள்ளிசைக்கும் பைலாவுக்கும் பொருந்தும். நெருங்கிய சுரக்கூட்டுக்குப் பொருந்தாது. அதனாலேதான் ஜாஸ் கிற்றார்க்காரர் நெடுங்காலமாக வயலின் போல உட்குடைந்த, பெரிய உடலுள்ள, விலையுயர்ந்த கிற்றார்களையே நாடி வந்தனர்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஜாஸ் ஏதோ நேற்று வந்திறங்கிய விருந்தன்று. டேவ் புருபெக் தம் குழுவினரோடு 1958இலும், டியூக் எலிங்டன் 1963இலும் இலங்கைக்கு வந்து வாசித்துச் சென்றவர்கள். கிற்றாரும் நமக்கு அந்நியமன்று. 1960களிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய தமிழ்ப் பொப்பிசைக்கு அதுவே துணை நின்றது. அப்பாடல்களை அக்காலத்துப் பண்டிதர் பலர் முகஞ்சுளித்துக் கேட்டனர். கேட்காமல் மட்டும் விடவில்லை.

மருமகன் சென்றபின் என் மனம் அமைதியுறவில்லை. ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். மேசைமேலே கிற்றார் நெஞ்சு பிளந்து கிடந்தது. கம்பிகளும் சுருள்களும் வெளியே தொங்கின. சுவரிலே கனடா நாட்டவர் ஒருவரின் படத்தை ஒட்டி வைத்திருந்தான். அவர் பெயர் எட் பிக்கேர்ட். 1932இற் பிறந்து 2019இல் மறைந்தவர். நம்மவர் பல்லாயிரவர் குடியேறியிருக்கும் ரொறன்ரோ நகரிலே வாழ்ந்து வாசித்தவர். அவர் கையில் இருப்பது உட்குடைந்த விலையுயர்ந்த கிற்றார் அன்று. ரெலிகாஸ்ரர் என்னும் பலகைக் கிற்றார். அமெரிக்காவிலே நாட்டுப்புறப் பாட்டுக்காரரின் கைக்கருவியாகப் பெயர்பெற்றது அது. பிக்கேர்ட் அதன் கழுத்தோரத்து ஒலிச்சுருளை அகற்றி, இரட்டைச் சுருளொன்றைப் பொருத்திக்கொண்டார். அந்தப் பலகையிலே அவர் வாசித்த ஜாஸ் உலகெங்கும் போயிற்று. 1958இலே புருபெக்கோடு நம் நாட்டுக்கு வந்த சக்சபோன் கலைஞர் போல் டெஸ்மண்ட், 1974இலே தமது இசைத்தட்டொன்றுக்குத் துணையாக அழைத்தது இந்தப் பலகைக் கிற்றார்க்காரரையே.

அந்தப் பலகையைப் படைத்த லியோ பென்டரின் கதையும் சுவையானது. அவர் கலிபோர்னியாவிலே றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். 1950ஆம் ஆண்டளவில் மரப்பலகையிலே கழுத்தொன்றை ஆணிகளால் இறுக்கி அவர் விற்பனைக்கு விட்டபோது அதனைக் கேலி செய்தவர் உண்டு. கண்டியிலே முன்னர் தெருவுக்குத் தெரு றேடியோ திருத்துவோர் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் எதனைப் படைத்திருக்கக்கூடியவர்களோ! நாம் அவர்களிடம் பழைய பெட்டியைக் கொடுத்துப் புதிய வால்வு போடச் சொன்னோமேயன்றி வேறொன்றுங் கேட்கவில்லை.

இனி அவன் செய்தவற்றைச் சொல்லுகின்றேன். கருவியின் உறுப்புகளுக்கு வீணைக்காரர் வழங்கும் பெயர்களையே வைத்துக்கொள்வேன். பிருடை, தண்டி, மெட்டு, குதிரை எல்லாம் கிற்றாருக்கும் உண்டு.

முதலில் தந்தி. கடையிலிருந்து வந்தபோது கிற்றாரிலே இருந்தவை மெல்லிய தந்திகள். முதற்றந்தியின் தடிப்பு ஓரங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. அவன் மாற்றியது ஆயிரத்தில் பன்னிரண்டு. மூன்று பங்கு கூடினாற் பெரிய காரியமோ என்றேன். தாளையெடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரே சுரத்துக்கு ஏற்றும்போது இழுவை தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே அந்த ஒரு தந்தியின் இழுவை மட்டும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். மூன்றாந் தந்தி வெறுங்கம்பியாக இருந்தது. அதற்குப் பதில் மேலே சுற்றுக்கம்பி உடையது. அதுவும் உருண்டை கம்பியாற் சுற்றியதன்று, தட்டைக் கம்பியாற் சுற்றியது. விரல் வழுக்கிச் செல்லும்போது கீச்சொலி எழாது. ஒலியின் கூர்மையும் மழுங்கும்.

அப்போது எனக்குச் சீவகசிந்தாமணி நினைவுக்கு வந்தது. காந்தருவதத்தை தந்த யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக விலக்குகின்றான். நீரில் நின்ற மரம், அழுகிய மரம், இடியுண்ட மரம் என்று குற்றங் கூறுகின்றான். நரம்பின் குற்றம் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கென்று நாம் மாணவரை மனனஞ் செய்விக்கின்றோம், பரீட்சையிலே கேட்கின்றோம். ஒரு நரம்பைத் தொட்டுப் பார்த்து அந்நான்கில் ஒன்றையேனும் காட்டுமாறு எவனையும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாற் காட்ட எனக்கே தெரியாது. என் மருமகனோ பழைய தந்தியை விரலிடையே ஓட்டி, "இங்கே துரு, இங்கே சுற்று நெகிழ்ந்திருக்கிறது" என்று சொன்னான். சிந்தாமணியை அவன் படித்ததில்லை.

தடித்த தந்தி கட்டியதும் புதுத் தொல்லைகள் முளைத்தன. தண்டி முன்னோக்கி வளைந்தது. அதனுள்ளே ஓடும் இரும்புக் கோலைச் சிறிது சிறிதாக முறுக்கி நிமிர்த்தினான். கண்டியின் ஈரக்காற்றிலே மரம் ஊதுவதும் சுருங்குவதும் இயல்பாதலால், ஒரு நாளிற் செய்துவிடாமல் ஒரு கிழமை பொறுத்துப் பொறுத்துச் செய்தான். குதிரையின் பின்னே தந்தியை ஆட்டுவதற்கென்று விற்சுருள் பூட்டியிருந்தார்கள். புதிய இழுவை அதனைத் தூக்கிவிட்டது. ஜாஸுக்கு அந்த ஆட்டம் வேண்டியதில்லை. பலாமரத் துண்டொன்றைச் சீவி ஆப்பாக இறுக்கி அதனை அசையாமற் செய்தான். தஞ்சை வீணைக்கு உடலாவதும் பலா. கண்டி நடனத்துக்குரிய கெட்ட பெரய என்னும் முழவுக்கும் பலாமரம் ஆவதுண்டு. (இங்குள்ள 'கெட்ட' என்பது சிங்களத்திலே முடிச்சு எனப் பொருள்படுவது; நமது கெட்டதன்று.) இப்போது ஒரு சீனக் கிற்றாரின் வயிற்றிலும் கண்டிப் பலாத்துண்டு ஒன்று குடியிருக்கின்றது.

அடுத்து அவன் செய்தது தவறு. தண்டியின் தலையிலே தந்திகள் தங்கிச் செல்லும் சிறு பட்டையொன்று உண்டு. தடித்த தந்திக்காக அதிலுள்ள வெட்டுகளை அரத்தால் அகலப்படுத்தும்போது ஒன்று ஆழமாகிவிட்டது. அத்தந்தி முதல் மெட்டிலே உராய்ந்து இரைந்தது. பிளாத்திக்குப் பட்டை, அரைத்ததை மீட்க வழியில்லை. இரண்டு நாள் முகம் வாடித் திரிந்தானென்று தங்கை சொன்னாள். மூன்றாம் நாள், எருமைக் கொம்பிலே சீப்பும் பிடியும் செதுக்கும் சிங்கள முதியவர் ஒருவரிடம் போயிருக்கின்றான். நானும் பின்னொரு நாள் அவரைக் கண்டேன். அவர் கிற்றாரைக் கையிலே வாங்கி, ஒரு தந்தியைச் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். பின்னர் எருமை எலும்பிலே ஒரு துண்டு எடுத்து அறுத்தார். அளவுகோல் கொண்டு அளந்ததிலும் சுண்டிக் கேட்டதே மிகுதி. கூலியாக அவர் வாங்கியது ஒரு நேரச் சோற்றின் விலை. "பாஸ், நீங்கள் கிற்றார் வேலை முன்பு செய்திருக்கின்றீர்களா?" என்று கேட்டதற்கு, இல்லையென்று தலையசைத்துவிட்டுத் தம் சீப்புக்குத் திரும்பிவிட்டார்.

இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்கிற்றாரிலே தந்திக்குக் கீழே காந்தமும் செப்புச் சுருளும் இருக்கின்றன. இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளிலே மின்னோட்டம் பிறக்கின்றது. விரியலாக்கி அதனைப் பெருக்குகின்றது. (விரியலாக்கி என்பது நம் நாட்டு விஞ்ஞானப் பாடநூல்கள் தந்த அழகிய சொல். மருமகன் 'அம்ப்' என்கிறான். திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன்.) ஆனால் அந்தச் சுருள் தந்தியை மட்டும் கேட்பதில்லை, வீட்டு மின்கம்பிகளிலே நொடிக்கு ஐம்பது சுற்றுகளாகத் திசைமாறி ஓடும் மின்னோட்டத்தையும் கேட்கின்றது. அதுவே ஓயாத 'ம்ம்' என்னும் முணுமுணுப்பு. இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தமுனைகளையும் எதிரெதிராக அமைத்தால், வெளியிரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் ஒலியோ ஒன்றோடொன்று சேரும். கிப்சன் நிறுவனத்திலே பணிபுரிந்த செத் லவர் என்பவர் 1955இல் இதனை வகுத்தார். வேண்டாததை அழித்து வேண்டியதைச் சேர்க்கும் இந்த உபாயத்தைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. கிற்றாரைப் பற்றி நான் முதன்முதலாக வியந்தது அவ்விடத்திலேதான்.

பழைய இரட்டைச் சுருள் ஒன்றை அவன் தேடிப் பெற்றான். அது பெரிதாதலால் தச்சுவேலைப் பாஸ் ஒருவரின் உளியை இரவல் வாங்கி உடலைக் குடைந்தான். உச்ச ஒலிகளை நிலத்துக்கு இறக்கிவிடும் சிறிய கொள்ளளவி ஒன்றை மாற்றினான். உட்குழிவுகளுக்குச் செப்புத் தகடு ஒட்டினான். நான் உடனிருந்து செய்தது, ஈயம் பற்றவைக்கும்போது விளக்குப் பிடித்தது மட்டுமே.

எல்லாஞ் செய்தபின் வாசித்துக் காட்டினான். விலையுயர்ந்த கிற்றாரின் ஒலி அதில் வந்தது என்று சொல்லமாட்டேன், வரவில்லை. மேல்மெட்டுகளிலே ஒலி சற்றுத் தட்டையாக நிற்கின்றது. ஆயினும் ஆலங்கட்டி நின்றுவிட்டது. ஒரு சுரக்கூட்டிலிருந்து மற்றொன்றுக்கு அவன் நகர்ந்தபோது, இடையிலே ஒரு சுரம் மட்டும் அசைந்து மற்றவை அசையாமல் நின்றதை என் பழங்காது பிரித்துக் கேட்டது. முன்பு அது கேட்டிருக்க முடியாது.

இதனை நண்பரொருவரிடம் சொன்னபோது அவர் சினந்தார். அவரும் தமிழ் படிப்பிப்பவர். "யாழைத் தொலைத்த இனம் நாம். பிள்ளைகளை வீணைக்கு அனுப்பாமல் கறுப்பரின் இசைக்குக் கருவி செதுக்க விளக்குப் பிடித்தீரோ?" என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அடிமைப்பட்ட மக்கள் கையிற் கிடைத்த கருவிகளைத் தம் குரலுக்கு வசப்படுத்திப் படைத்த இசை ஜாஸ். படை வாத்தியங்களையும் பழைய பியானோக்களையும் கொண்டு அவர்கள் செய்தது, அந்த இடையன் குமிழங்கொம்பிலே செய்ததற்கு எவ்வகையில் வேறு? அவர்களுக்குள்ளும் பிறர்க்குள்ளும் கருவியை மாற்ற முடியாதபோது கையையே மாற்றியவர்கள் உண்டு. ஐரோப்பாவிலே ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் 1928இலே தீயில் அகப்பட்டு இடக்கையின் இரு விரல்கள் முடங்கியபின், எஞ்சிய விரல்களைக் கொண்டே புதிய வாசிப்பு முறையொன்றைப் படைத்தார்.

நண்பரின் வாதத்தில் ஒரு பாதி நியாயம் உண்டு. அதனை மறைக்க மாட்டேன். யாழைத் தொலைத்தோம் என்பது மெய். ஆனால் எப்படித் தொலைத்தோம்? மாற்றியதாலா, மாற்றத் தெரிந்த கைகளை மதியாததாலா? பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்று நம் இசைக்கு ஆக்கியபோது, அதன் சுருதி கூட்டும் முறை மாறியது. பிடிக்கும் முறையும் மாறி, நிலத்திலமர்ந்து மார்புக்கும் காலுக்கும் இடையே நிறுத்தி வாசிப்பதாயிற்று. இன்று வயலினில்லாத கச்சேரி அரிது. ஆந்திரத்துப் பாலக்கொல்லையிலே 1969இற் பிறந்த உப்பலப்பு சீனிவாசு, இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கட்டும் மின்மண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திக்கு மாற்றிக்கொண்டார். கமகத்துக்கு இடந்தராத கருவி என்று முதலில் மறுத்தவர்கள் பின்னர் அவர் கச்சேரிக்கு இடந்தேடி நின்றனர். 2014இலே, 45ஆம் வயதில் அவர் மறைந்தபோது மண்டலின் என்பது அவர் பெயரின் முதற்பாதியாகவே ஆகிவிட்டிருந்தது. அவர் ஜோன் மக்லாலின் என்னும் ஜாஸ் கிற்றார்க் கலைஞரோடு ஒரே மேடையிலே வாசித்தவர் என்பதையும் நண்பருக்கு நினைவூட்டினேன். மறுதலையாக, அகில இந்திய வானொலி 1940இலே ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்ததும் உண்டு. தள்ளிவைத்தவர்கள் கற்றறிந்தோர். வீதியிலும் கோயிலிலும் நாடகமேடையிலும் ஆர்மோனியம் அவர்களைக் கேட்காமலே வாழ்ந்தது.

யாழைப் பற்றிப் பேசினால் விபுலாநந்த அடிகளை விட்டுப் பேச இயலாது. காரைதீவிலே 1892இற் பிறந்த அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர்; இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே யாழ் நூல் அரங்கேறியது. சூலையில் அவர் மறைந்தார். அந்நூலைத் திறந்து பார்ப்போர் திகைப்பர். செய்யுளுக்கு அருகே எண்களும் பின்னங்களும் அலைவுக் கணக்குகளும் நிற்கும். நரம்பு எத்தனை முறை அதிர்கின்றது என்று கேட்காமல் பண்ணின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் அவருக்கு மனநிறைவில்லை. நாமோ யாழ் நூலின் பெயரை மேடைதோறும் சொல்லுகின்றோம். கணக்கு வரும் பக்கங்களைப் புரட்டிவிடுகின்றோம். தந்தியின் இழுவைக்குத் தாளிலே கணக்குப் போட்ட என் மருமகன் அவ்வகையில் என்னைக் காட்டிலும் அடிகளுக்கு அண்மையில் நிற்கின்றான்.

என் கருத்து இதுதான். நமது பாடசாலைகளிலே கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம், கர்நாடக சங்கீதம் என மூன்று அறைகள் உண்டு. எந்த அறையிலும் ஓர் அரமோ திருப்புளியோ இல்லை. இசை கற்பவன் தன் கருவியின் உள்ளே என்ன இருக்கின்றதென்று அறியாமலே பரீட்சையிற் சித்தியெய்தலாம். கருவி பழுதானால் அலுமாரி. அலுமாரி நிறைந்தால் களஞ்சிய அறை. புதிய கருவிக்கு நன்கொடையாளரைத் தேடி விழா எடுக்கின்றோம், நாடாவை வெட்டுகின்றோம். அந்த விழாச் செலவிலே பாதி போதும், ஒவ்வொரு சங்கீத அறையிலும் ஒரு வேலை மேசை போடுவதற்கு. மேசையருகே மாதமொருமுறை ஒரு தச்சரையோ கொம்புவேலைக்காரரையோ மத்தளத்துக்குத் தோல் கட்டுபவரையோ அழைத்து இருத்துங்கள். அவருக்கும் வளவாளர் என்று பெயரிட்டு, அதற்குரிய கொடுப்பனவைக் கொடுங்கள். அவருக்குச் சான்றிதழ் உண்டோ என்று கேட்கும் கல்வி அலுவலர் தம் வீட்டு வீணையின் பிருடை வழுகும்போது யாரிடம் போகின்றார் என்று திருப்பிக் கேளுங்கள்.

மலிவான கருவியே இதற்குச் சிறந்த பாடநூல். விலையுயர்ந்த கிற்றாரிலே எந்தப் பிள்ளை உளி வைக்கத் துணிவான்? எந்தத் தந்தை அனுமதிப்பான்? கெட்டாலும் பெரிதாகக் கெட்டுவிடாது என்னும் துணிவு மலிவிலேதான் பிறக்கின்றது. என் மருமகன் ஒரு பட்டையைக் கெடுத்தான். எலும்புப் பட்டை கிடைத்தது. அதற்காக எதிலும் கைவைக்கலாமென்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. ஒரே மரத்திற் கடைந்த பழைய ஏகாந்த வீணையைக் குடைய வருபவனை நானே வாசலில் மறிப்பேன். மின்கிற்றாரை முழு உரப்பிலே வைத்து அயலாரை எழுப்புவோரையும் மன்னிப்பதாக இல்லை.

களஞ்சிய அறை என்று சொன்னேன். நான் படிப்பித்த பாடசாலை ஒன்றிலே அப்படியோர் அறையும் அதற்குள் ஒரு வீணையும் உண்டு. யாரோ ஒரு பெற்றோர் மகளின் நினைவாகக் கொடுத்தது. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு வெடித்துப் பாதி உதிர்ந்துவிட்டது, தந்திகள் துருப்பிடித்துவிட்டன. மேளங்கட்டத் தெரிந்தவர் ஒருவரை நாங்கள் கண்டியிலே தேடியபோது அகப்படவில்லை. யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பலாமென்று ஆண்டுதோறும் கூட்டக்குறிப்பிலே எழுதுவார்கள். சென்ற மாதம் மருமகனை அங்கே அழைத்துச் சென்றேன். அவன் வீணையைத் தொடுமுன் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தான். குடத்தைத் தட்டிப் பார்த்தான். உதிர்ந்த மெழுகிலே ஒரு துணுக்கை நகத்தால் நசுக்கி முகர்ந்து பார்த்தான்.

"மாமா, இதிலே தேன்மெழுகோடு வேறென்னவோ கலந்திருக்கின்றது. என்னவென்று புத்தகத்தில் இருக்குமா?"

எனக்குத் தெரிந்த அளவில் குங்கிலியமும் கரியும் கலப்பார்கள் என்றேன். எவ்வளவுக்கு எவ்வளவு என்றான். அதற்கு என்னிடம் விடையில்லை. மீண்டும் வந்து பார்ப்பதாக அதிபரிடம் அனுமதி பெற்றிருக்கின்றோம். அறையின் சாவி எழுதுவினைஞரிடம் இருக்கின்றது. அவர் விடுமுறையால் வரும் திங்கட்கிழமை திரும்புகின்றார்.